சுத்தமான சிக்னல்

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் நல்ல பனி. கம்பஸ் லீவு, சின்னம்மா வீட்டில். வேலைகள்: அன்ரனாக் கம்பம் நடுவது, ஆராய்ச்சியைப் பார்க்கும் சேருக்கு மெயில், தலை முழுக்கு.

இறுதி ஆண்டு ஆராய்ச்சி என்று பெரிய பெயர். தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர், மிச்ச வானொலி முழுக்க மடிக்கணினிக்குள் மென்பொருளாக. வரப்போகும் தலைமுறைக் கைபேசிச் சிக்னலை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பின்னேரம் சின்னம்மாவின் வயலோர யானைவேலிக்கு மின்சாரம் விட்டார்கள். ஸ்பீக்கரில் டிக், டிக், டிக். கம்பியில் புல் முட்டிப் பொறி பறக்கிறது, அந்தச் சத்தம். புல்லை வெட்டச் சொல்லி சின்னம்மா எத்தனை தரம் வனவிலங்குக் கந்தோருக்கு நடந்துவிட்டா! செவிடன் காதில் ஊதிய சங்கு.

போனில் சேர்: "உந்த டிக்கை எடுத்துப்போட்டு வாரும். மாநாட்டுக்குக் கிளீனான கிராஃப் ஒண்டு வேணும்."

ஜனவரி 21, புதன்

டிக்கை வடிகட்டும் நிரல். எழுதினேன், போகவில்லை. திருப்பி எழுதினேன், போகவில்லை. கண் எரிச்சல்.

சின்னம்மா: "சாப்பிட்டிட்டு எழுதன் பிள்ளை. நெல்லே இப்பதான் பால் பிடிக்குது. உனக்கென்ன அவசரம்?" வருசச் சாப்பாடு அந்த வயல்தான்.

ஜனவரி 22, வியாழன்

டிக் இல்லை!!! கோடு பளிங்கு மாதிரி. சேருக்கு அனுப்பினேன். "எக்ஸலன்ட்" என்று பதில். மூன்று வருசத்தில் முதல் தரம்.

குசினிக்குள் ஓடி, "வேலிச் சத்தத்தைத் துடைச்சுப்போட்டன் சின்னம்மா!"

"கெட்டிக்காரி," என்று பால்தேத்தண்ணி தந்தா.

ஜனவரி 23, வெள்ளி

யானை. விடியப் பார்த்தால் வயலில் அரைவாசி சப்பட்டை. சின்னம்மா வரம்பில் குந்தியிருந்தா. அழவில்லை.

நேற்றைய பதிவை வடிகட்டாமல் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் டிக் இல்லை. என் நிரல் ஒன்றும் கிழிக்கவில்லை. வேலியில் மின்சாரமே இல்லை, பற்றரி செத்திருக்கிறது. அதற்குத்தான் துள்ளியிருக்கிறேன்.

கந்தோரில் இருந்த அதிகாரி: "வேலி வேலை செய்யேல்லை எண்டு ஒருத்தரும் அறிவிக்கேல்லையே, தங்கச்சி."

பற்றிக்கொண்டு வந்தது. யானை வந்து அறிவிக்க வேண்டுமா?

சின்னம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப நேற்றே உன்ர பெட்டிக்குத் தெரியும்," என்றா. ஏசியிருக்கலாம்.

ஜனவரி 24, சனி

புதுப் பற்றரி பூட்டினார்கள். இப்போதுதான் கந்தோருக்குக் கால் முளைத்திருக்கிறது.

சேருக்குப் போன் எடுத்து நடந்ததெல்லாம் சொன்னேன். அவர்: "கிராஃப் நல்லாத்தானே இருக்கு. மாநாட்டுக்கு அதையே போடும். நீர் படிக்கிறது தொடர்பாடல், விலங்கியல் இல்லை."

வெட்கங்கெட்ட மனிதன். நெல்லைத் தின்ற யானைக்காவது பசி.

தலை இன்னும் முழுகவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

சின்னம்மா கச்சான் அவித்துத் தந்தா. தோலுரித்தபடி மடிக்கணினியைத் திறந்தேன்.

இரண்டு பதிவையும் ஒரே பக்கத்தில் போட்டேன். செவ்வாய்க்குக் கீழே: "வேலி உயிரோடு." வியாழனுக்குக் கீழே: "வேலி செத்த பின்னேரம். நிரல் எதையும் வடிகட்டவில்லை. மறுநாள் விடிய வயல் போயிருந்தது." மாநாட்டுக்காரருக்கு நேரே அனுப்பிவிட்டேன், சேருக்கு ஒரு பிரதி.

போன் அடிக்கிறது. சேர். அடிக்கட்டும்.