அப்பா விந்தி நடந்த கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். ஒவ்வொரு தடவையும் இதை வாய்ப்பாடு மாதிரி எழுதிவிடுவேன், இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதுகிறேன், நிஜமாகவே சுகம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நான் ஒன்று சொல்ல அவர் ஒரு திருத்தம் போட, கதை கந்தலாகிவிடும். அதனால் சலவைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியான நேரம், துணி வாங்க ஒருவரும் வரவில்லை, இஸ்திரிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார், முதலாளி வந்தால் கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். நீ அனுப்பிய மழைக்கோட்டு இரண்டும் வந்து சேர்ந்தன. எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, அப்பாவுக்குத்தான் தோளில் ஏறவே இல்லை. நோயாளி ஆயிற்றே, இளைத்திருப்பார் என்று நீ நினைத்திருப்பாய். அந்த உடம்புதான் வந்த வினையே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உனக்கு ஒரு நன்றி. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு டாக்டரையும் அலுவலகத்தையும் மாறி மாறித் தொந்தரவு பண்ணி அப்பாவுக்கு முடியாதவர்களுக்கான அந்தப் பார்க்கிங் அட்டையை வாங்கிக் கொடுத்தாயே, அது இல்லாவிட்டால் நாங்கள் என்றைக்கோ படுத்திருப்போம். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி வகுப்பு. அப்பாவின் நுரையீரல் காய்ந்த ஸ்பாஞ்சு மாதிரி இறுகிக்கொண்டே போகிறது, போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருப்பதைக் காப்பாற்றுவது இந்தப் பயிற்சிதான், விட்டால் படுக்கைதான் என்று டாக்டர் உன்னிடமும் சொல்லியிருக்கிறார். பொது பார்க்கிங் அந்தக் கோடியில், மேடு ஏறி வரவேண்டும், அதில் ஏறி வந்தால் வகுப்புக்கு மிச்சம் வைக்க மூச்சு இருக்காது. வாசலை ஒட்டிச் சக்கர நாற்காலிப் படம் போட்ட இடம் இரண்டு இருக்கிறது. அட்டையைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு அங்கே நிறுத்தினால் ஆயிற்று. ஆனால் படத்தில் இருப்பது சக்கர நாற்காலி, காரில் இருந்து இறங்குவது உன் அப்பா! நாற்பது வருஷம் வீடு மாற்றுகிற லாரியில் பீரோவும் பியானோவும் சுமந்த உடம்பு, கூட வேலை பார்த்தவர்கள் கிரேன் என்று பேர் வைத்த ஆள். கதவைத் திறந்து அவர் எழுந்து நின்றால் வண்டியே ஒரு சாண் உயர்கிறது. உள்ளே மூச்சு இல்லை என்பது யாருக்குத் தெரியும்? பார்க்கிறவர்கள் முறைப்பார்கள். ஒரு ஆள் நேரேயே, “நல்லா கல்லு மாதிரி இருக்கீங்க, இங்க நிறுத்த வெக்கமா இல்லையா” என்று கேட்டாராம். அப்பா காரைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். எனக்கு அது அப்போது தெரியாது.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் கார் டிக்கியில் ஒரு கைத்தடி. டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன், கேட்டதற்கு ம்ம் என்றார். எனக்கு லீவு கிடைத்த ஒரு நாள் நானும் கூடப் போனேன். காரை நிறுத்தினார், டிக்கியைத் திறந்து தடியை எடுத்தார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனுஷன் ஒரு பக்கமாகச் சாய்ந்து விந்தி விந்தி நடக்க ஆரம்பித்துவிட்டார். பதறிப்போய் ஓடினேன், கால் சுளுக்கிக்கொண்டதோ என்று. பேசாமல் வா என்று கண்ணைக் காட்டினார். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாதாரணமாக நடக்கிறார்! எனக்கு வந்த சிரிப்பில் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்றால், லாரியில் கூட வந்த டிரைவருக்கு முழங்கால் போயிருந்ததே, அவர் நடையாம். வீட்டுக்கு வந்துதான் எனக்குக் கோபம் வந்தது. நிஜமான வியாதி ஒன்றை வைத்துக்கொண்டு எதற்குப் பொய்யாக இன்னொன்று என்று பிடிபிடி என்று பிடித்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே, “மூச்சை எடுத்து யார்கிட்ட காட்டறது? காலைக் காட்டினா யாரும் கேள்வி கேக்கறதில்ல” என்றார்.

அந்த இடம் இரண்டில் இன்னொன்றில் வழக்கமாக ஒரு சிவப்புக் கார் நிற்கும். ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கிற மேஜையில் வேலை பார்க்கிற பெண்ணுடையது. உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சின்ன வயதிலேயே இரண்டு காலும் போய்விட்டது, பிரேக் ஆக்ஸிலேட்டர் எல்லாம் கையாலேயே போடுகிற மாதிரி வண்டி. கதவை முழுசாக விரியத் திறந்து, பின் சீட்டில் இருந்து சக்கர நாற்காலியை இழுத்துப் போட்டு இறங்க வேண்டும், அகலமான இடம் இல்லாவிட்டால் அவளால் காரை விட்டு இறங்கவே முடியாது. ஒரு நாள் அவள் வரும்போது அவளுடைய இடத்தில் சாமான் இறக்குகிற வேன் ஒன்று நின்றிருக்கிறது. எப்போது எடுப்பான் என்று காத்துக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவள் கண்ணில் நம் ஆள் மாட்டியிருக்கிறார். அன்றைக்கென்று வலது கையில் தண்ணீர் பாட்டில். அதனால் தடியை இடது கைக்கு மாற்றியிருக்கிறார். கை மாறியதும் காலும் மாறிவிட்டது! போன வகுப்புக்கு ஒரு காலில் விந்தியவர் இந்த வகுப்புக்கு இன்னொரு காலில் விந்திக்கொண்டு போகிறார். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி, “ஐயா, போன தடவை அந்தக் கால், இன்னிக்கு இந்தக் காலா? அடுத்த தடவை எந்தக் கால்னு சொல்லிட்டுப் போங்க” என்று கத்தியிருக்கிறாள். நின்றவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். காவலாளி வந்து அட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். அட்டை அசல்தானே, ஆள்தான் நகல் என்று எவனோ ஒருத்தன் சொன்னானாம். உன் அப்பா மறுபடி காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லாவற்றையும் என்னிடம் ஒன்றுவிடாமல் சொன்னார், சொல்லிவிட்டு, இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றார்.

சும்மா சொல்கிறார், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஆகவில்லை. வகுப்பு நாள் வந்தால் தலைவலி என்பார், கார் டயரில் காற்று இல்லை என்பார். குளிக்கப் போனால் பாதியில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடும், எட்டிப் பார்த்தால் சோப்பு நுரையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் இரண்டு தடவை நிறுத்துவார். வகுப்பில் இருந்து போன் வந்தது, இப்படி விட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்றார்கள். பாப்பா, உன்னிடம் சொன்னால் நீ டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடிவருவாய் என்று சொல்லவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்தப் பெண்ணை நாலு கேள்வி கேட்காமல் வருவதில்லை என்று பஸ்ஸில் வழி நெடுக வசனம் தயார் பண்ணிக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார்.

போனால் அப்பா நிறுத்துகிற இடத்தில் அட்டை மாட்டிய வேறு கார் நிற்கிறது, அவளுடைய இடத்தில் பெரிய கார் ஒன்று, இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு ஒரு இளவட்டம் உள்ளே உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. சிவப்புக் கார் பின்னால் நின்று ஹாரன் அடிக்கிறது. அஞ்சே நிமிஷம் அக்கா, ஃப்ரெண்டு வந்துடுவான் என்று கையைக் காட்டுகிறான். எனக்கு வந்ததே கோபம்! பஸ்ஸில் தயார் பண்ணிய வசனம் அத்தனையும், ஆள் மாறி, அவன் மேல் கொட்டினேன். அந்த அஞ்சு நிமிஷத்தில் உன் காலைக் கழற்றி அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு உட்காருடா என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நாற்காலியை இறக்கி அதில் மாறி உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப தேங்க்ஸ்மா என்றாள். நீ கத்தினாயே, கால் மாறி விந்திய மனுஷன், நான் அவர் பெண்டாட்டி என்றேன். பிடித்த கையை விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் அப்படியே இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், நுரையீரல், மேடு, லாரி, குளியலறை ஸ்டூல், எல்லாம். மன்னிப்பு கேட்பாள் என்று பார்த்தால் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. “அப்ப ஏம்மா நடிச்சாரு? ஒருத்தர் நடிச்சு மாட்டினா அடுத்து வர்ற நிஜமான ஆளையும் சந்தேகப்படுவாங்க. இந்த இடம் கிடைக்காம ஒரு நாள் சுத்திச் சுத்தி வந்துட்டு, இறங்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கேன், உங்களுக்குத் தெரியுமா” என்று கேட்டாள். அவள் சொல்வதும் நியாயம்தானே. பிறகு அவளே, “எனக்கு இந்த நாற்காலி இருக்கு, யாரும் எதையும் கேக்கறதில்ல. கண்ணுக்குத் தெரியாத வியாதிக்காரங்க எதைக் காட்டுவாங்கன்னு நான் யோசிச்சதே இல்லம்மா” என்றாள். வீட்டு நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வகுப்பு நாள் காலையில் போன் அடித்தது, அப்பாதான் எடுத்தார். நான் அடுப்படியில் இருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். “அன்னிக்குக் கத்தினேனே, அவ பேசறேன். கத்தினது தப்பு. உங்க இடத்தில என் நாற்காலியைக் குறுக்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், யாரையும் விடமாட்டேன். எனக்கு எட்டரைக்கு டியூட்டி, நீங்க வரலைன்னா எனக்கு மெமோதான். அந்தத் தடியை மட்டும் கொண்டுவராதீங்க” என்றாளாம். ஒரு பெண்பிள்ளைக்கு மெமோ வாங்கிக் கொடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டையைத் தேடினார். வாரக்கணக்கில் நான் கெஞ்சி நடக்காதது ஒரு போனில் நடந்துவிட்டது, நானும் தொற்றிக்கொண்டு போனேன்.

சொன்னபடியே வெயிலில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். அப்பா இறங்கினார், தடி இல்லை, விந்தல் இல்லை, நேராக நடந்தார். பாதியில் மூச்சு முட்டியது. வழக்கமாக அந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணுவார், அன்றைக்குப் பண்ணவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே வந்த ஒரு பெரிய மனுஷர் காரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “ஏன் சார், இது முடியாதவங்க இடமாச்சே, உங்களுக்கு என்ன குறை” என்றார். நான் வாயைத் திறந்தேன், அவளும் திறந்தாள், அப்பா கையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் அடக்கினார். உடனே பேச முடியவில்லை அவரால். அந்த மனுஷரைக் காக்கவைத்துவிட்டு நிதானமாக மூச்சு வாங்கினார். வாங்கி முடித்து, “எனக்கு நுரையீரல் போயிடுச்சுங்க. நடந்தா மூச்சு பத்தாது. வெளியில தெரியாது” என்றார். அவ்வளவுதான். அந்த மனுஷர் மன்னிச்சுக்குங்க சார் என்று சொல்லிவிட்டு, அப்பா நடக்கும்வரை பக்கத்திலேயே நின்று, கதவைத் திறந்து பிடித்தார். நான் கார் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். டாக்டர் அறையில்கூட நான்தான் சொல்வேன், அவர் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்ப்பார், வியாதி வந்த நாளில் இருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்து கடனைத் தீர்ப்பேன் என்று தெரியவில்லை. அவளுடைய ஆஸ்பத்திரிக் கோட்டுகளை இனிமேல் நான்தான் காசில்லாமல் சலவைக்கு எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன், முதலாளிக்கு எழுதிவிடாதே.

இப்போது ஒரு வகுப்பும் விடுவதில்லை. குளியலறையில் ஸ்டூல் இருக்கிறது, ஆனால் பாதி நாள் சும்மா இருக்கிறது. நீயும் அங்கே யாராவது கட்டுமஸ்தாக அந்த மாதிரி இடத்தில் இறங்கினால் முறைக்காதே, அட்டை இருக்கிறதா என்று மட்டும் பார், இல்லாவிட்டால் காவலாளியிடம் சொல். மாப்பிள்ளைக்குச் சின்னக்குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது இரண்டு நிமிஷம்தானே என்று இந்த மாதிரி இடத்தில் நிறுத்துகிற பழக்கம் உண்டு என்று நீயே ஒரு தடவை சொன்னாய், மாமியார் பஸ்ஸில் வசனம் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவை. நீ ராத்திரி கண் விழிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் மூன்று பேருக்கும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு.

ஒன்றை மறக்காதே. நீ போன் பண்ணினால் அப்பா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, இந்தா அம்மா பேசுவாள் என்று என்னிடம் தள்ளிவிடுவார். நீ அவ்வளவு தூரம் போனது அவருக்கு இன்னும் கோபம் என்று நினைத்து நீ அழுதது எனக்குத் தெரியும். கோபம் இல்லை கண்ணு. மூன்றாவது வார்த்தையில் மூச்சு வாங்கும், அது உனக்குக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனை வாங்கமாட்டேன், அவரே கடைசிவரை பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நடுவில் சத்தம் நின்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். காத்திரு, பேசுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா