மானிட்டரில் இரண்டு விளக்குகள்

9 ஜூன் 2003, திங்கள்

வெயில். காற்றே இல்லை. பத்துக்குப் போன கரண்ட் பதினொன்றுக்கு வந்தது.

கடையில் இன்று: கல்யாணப் பத்திரிகை 1, விசிட்டிங் கார்டு 2, அஞ்சலி போஸ்டர் 3. கோடையில் அஞ்சலிதான் ஜாஸ்தி.

மானிட்டரில் ஏதோ அழுக்கு. வெள்ளைப் பக்கம் திறந்தால் நடுவில் மங்கலாக ஒரு கட்டம். ஈரத்துணி, பிறகு விபூதி போட்டுத் துடைத்தேன். போகவில்லை.

வாங்க: துவரம்பருப்பு, ரப்பர் பேண்டு, ஏ4 பேப்பர்.

10, செவ்வாய்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ரஹீம் பாய் வந்தார். கேபிள் கோளாறு என்று கேபிள் மாற்றினார். அப்படியே இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்தார், கூட்டினார். அப்படியே. கடைசியில் தன் சிபியுவைக் கொண்டுவந்து மாட்டினார். அதிலும் அதே கட்டம்.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்குது அக்கா. மானிட்டர்தான். ஒரே படத்த வருஷக்கணக்கா வச்சிருந்தா டியூப் உள்ள இருக்கிற பூச்சு கருகிடும். ஸ்க்ரீன் சேவர் போடலியா?"

நான்தான் எடுத்துவிட்டேன். சாவு வீட்டார் பெயர் சரிபார்க்கும்போது திடீரென்று மீன் நீந்தினால் அவர்களுக்குக் கோபம் வராதா.

"வெள்ளத் திரைய நாள் பூரா ஓட விடுங்க. மங்கினாலும் மங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

11, புதன்

காலையிலிருந்து வெள்ளைத் திரை. மங்கவில்லை. பார்க்கப் பார்க்கத் தெளிவாகிறது. கட்டத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே இடதில் 'தோற்றம்', வலதில் 'மறைவு'.

என்னுடைய அஞ்சலி போஸ்டர். ஆறு வருடமாக எல்லாச் சாவுக்கும் ஒரே ஃபைல். போட்டோ, பெயர், தேதி மட்டும் மாறும். மாறாததெல்லாம் கண்ணாடியில் தங்கிவிட்டது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் புகை. எத்தனை முகமோ. தேதி இடம் காலி.

மத்தியானம் கல்யாண வீட்டார். மாப்பிள்ளை போட்டோவை ஏற்றினேன். நேராகப் போய் விளக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தது. பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது இன்னாம்மா, வெளக்கு?"

மானிட்டர் கோளாறு என்றேன். போட்டோவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

12, வியாழன்

சேகர் வந்தான். கொழுந்தன். வழக்கமாக இந்தப் பக்கமே வராதவன்.

"அண்ணி, அண்ணன் போயி ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. இனிமே வருவாருனு தோணல. வர்ற ஆடி அமாவாசைக்குக் காரியத்த முடிச்சிடலாம். அம்மாவும் அதான் சொல்லுது. போஸ்டர் நீங்களே அடிச்சிடுங்க."

என் பொட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான். உயிரோடு இருக்கிறவருக்குக் காரியமா என்று கேட்டேன்.

"எங்க இருக்காரு, சொல்லுங்க."

ஏ4 பேப்பர் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

அவர் போன அன்றைக்குச் சண்டைகூட இல்லை. ரசத்தில் உப்பு கம்மி என்றார். பௌர்ணமி, மலை சுற்றிவிட்டு வருகிறேன் என்று போனார். அவ்வளவுதான்.

கடை மூடும்போது மானிட்டரை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அணைந்த கண்ணாடியிலும் விளக்கு தெரிகிறது.

13, வெள்ளி

நாளை மலை சுற்றக் கூட்டம் வரும். மாதாமாதம் போல 'காணவில்லை' நோட்டீஸ் அடிக்க வேண்டும். ஃபைலைத் திறந்தேன். அவர் முகம் இம்மி பிசகாமல் கட்டத்துக்குள். இரண்டு பக்கமும் விளக்கு. கீழே 'மறைவு'.

எப்படி இவ்வளவு சரியாக? யோசித்தபோதுதான் நினைவு வந்தது. அவர் போன மூன்றாம் நாள். புதிதாக ஒன்று செய்யத் தெம்பில்லை. அஞ்சலி போஸ்டரையே எடுத்து, விளக்கையும் தேதியையும் அழித்து, மேலே 'காணவில்லை' என்று அடித்தேன். கறுப்புக் கரைகூட அப்படியே விட்டுவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை. நான் அழித்ததையெல்லாம் மானிட்டர் திரும்ப எடுத்து வைத்திருக்கிறது.

பயமாக இருந்தது. படத்தை இழுத்து இடது ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே போட்டேன். கரையை எடுத்தேன். 'காணவில்லை' பெரிய எழுத்தில். நூறு பிரதி.

14, சனி. பௌர்ணமி

காலை ஏழு மணிக்கே கிளம்பினேன். மேகம். செருப்பில்லாமல் செங்கம் ரோடு வழியாகக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். அடி அண்ணாமலையில் டீக்கடை. அதை நடத்துகிற அம்மாள்தான் மாதாமாதம் கடைச் சுவரில் ஒட்ட விடுகிறவர். இன்று கையில் வாங்கிப் படித்தார்.

"காணோமா? இத்தினி நாளா செத்துப்போனவருனு நெனச்சேன். நடுவுல போட்டோ, சுத்தி கறுப்பு. யாரு நின்னு படிக்கிறாங்க."

கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னார்: "பங்குனி பௌர்ணமிக்கு ஒருத்தரு இங்க உக்காந்து டீ குடிச்சாரு. இதே மூஞ்சி, தாடிதான் புதுசு. செவுத்துல இருக்கிற படத்தையே பாத்துகினு இருந்தாரு. உங்க அண்ணனானு கேட்டேன். ஆமாம்மா, செத்து ரெண்டு வருஷம் ஆவுதுன்னாரு."

என் டீ ஆறிவிட்டது. வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"டீயில சக்கர கம்மின்னாரு."

அவரேதான்.

மிச்சம் அறுபத்திரண்டு நோட்டீஸ். கொடுக்கவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

15, ஞாயிறு

தூறல். கடை லீவு. இருந்தும் திறந்தேன்.

உயிரோடு இருக்கிறார். இரண்டு வருடமாக இதைத்தானே வேண்டிக்கொண்டேன். சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. நோட்டீஸை முழுசாகப் படித்திருப்பார். கீழே என் பெயர், கடை ஃபோன் நம்பர். பார்த்துக்கொண்டே டீ குடித்திருக்கிறார்.

ரஹீம் பாய் ஃபோன். வேறு மானிட்டர் கிடைத்திருக்கிறதாம், நாளைக்கு இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நாளை மறுநாள் வாருங்கள் என்றேன்.

சேகருக்குச் சொல்லி அனுப்பினேன். போஸ்டரை நானே அடிக்கிறேன் என்று.

படத்தைப் பழையபடி நடுவில் வைத்தேன். விளக்குகள் தயாராக இருந்தன. 'தோற்றம்' தேதி அடித்தேன். 'மறைவு' பக்கத்தில் மட்டும் காலி. மலை சுற்றப் போன நாளைப் போடுவதா, டீ குடித்த நாளைப் போடுவதா.