நீ தைத்த நாடா அறுந்துபோகவில்லை

ஒரு நாளும் என்மேல் குரல் உயர்த்தாத என் காதருக்கு,

நீ போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். பூந்தமல்லியில் உன் சீட் கவர் கடையின் ஷட்டர் பாதிதான் திறக்கிறது. இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் எழுதி முடித்ததும் கார் ஸ்டாண்டு டீக்கடைச் சுவரில் ஒட்டப்போகிறேன். அங்கேதான் உன் பேரைக் கெடுத்தேன். அங்கேயே சொல்ல வேண்டும்.

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. லேத் வேலையும் கார் ஓட்டுவதும் யாரும் சொல்லித் தராமல் கற்றுக்கொண்டவன் நான். அப்படிக் கற்றவனுக்கு ஒரு வியாதி வரும். அடுத்தவன் நல்லது சொன்னாலும் குறை சொல்வதாகவே காதில் விழும்.

அம்பத்தூரில் அந்தப் பழைய அம்பாசிடரை நான் வாங்கிய புதிது. என் நாய் கண்டக்டருக்கு நாலு வயது. கார் கதவை மூடினால் டபுள் விசில் கொடுப்பதுபோல் இரண்டு தரம் குரைக்கும், அதனால் அந்தப் பேர். வேப்பம்பட்டில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போனால் அதுவும் வரும். அதன் வெள்ளை முடி சீட்டில் ஒட்டும். சீட்டிலிருந்து சரோஜாவின் அரக்குப் பட்டில் ஒட்டும்.

"ஒண்ணு நாயி வரட்டும், இல்லாட்டி நான் வரேன். சம்மந்தியம்மா என் பொடவையப் பாத்துட்டு, இன்னா கம்பளி போத்திகினு வந்துகீறன்னு கேக்குது" என்றாள் என் மனைவி.

அதற்குத்தான் உன்னிடம் வந்தேன்.

நீ நாயைத் தொடமாட்டாய், தொழுகைக்குப் போக வேண்டும். அளவெடுக்காமல் தைக்கவும் மாட்டாய். "அத்தோட மூக்க அந்தாண்ட புடி அண்ணாத்தே, நக்கிடப் போவுது" என்று சொல்லி, குச்சியில் நூலைக் கட்டி, ஒரு முழம் தள்ளி நின்றே அதன் நெஞ்சளவை எடுத்தாய். கண்டக்டர் உடம்போடு சேர்த்து வாலை ஆட்டியது. "ஆடாம நிக்கச் சொல்லு. கல்யாண மாப்ளைக்கு சட்டை தைக்கறப்போகூட இவ்ளோ பேஜார் இல்ல" என்றாய்.

நீ தைத்தது சீட் கவர் இல்லை, தூளி. தடித்த தார்ப்பாய்த் துணி. முன்சீட்டின் முதுகிலிருந்து பின்சீட்டின் முதுகு வரை நாலு மூலையிலும் கட்டிவிட்டால் முடியெல்லாம் அதற்குள்ளேயே விழும். இறங்கியதும் அவிழ்த்து உதறிவிடலாம். மீறி ஒட்டிய முடியை ஈரமான சைக்கிள் டியூப் துண்டால் தேய்த்தால் சுருண்டு வந்துவிடும் என்பதும் நீ காட்டியதுதான். தூளி, சீட்டின் இரும்போடு கட்டும் மூலையில் நான் கேட்காத ஒன்றையும் சேர்த்துத் தைத்திருந்தாய். ஒரு நாடா, முனையில் கொக்கி; அதை மாட்ட நாய்க்கு ஒரு நெஞ்சுப் பட்டை.

"இத்த கழுத்துல மாட்டாத, நெஞ்சுப் பட்டையில மாட்டு. தலைய ஜன்னலுக்கு வெளிய நீட்ட வுடாத."

"என் நாயி என் பேச்சக் கேக்கும் பாய்."

"நாயி கேக்கும் அண்ணாத்தே. பிரேக்கு கேக்குமா?"

கடையில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாக நின்றது. அந்த நாடாவில் நாய் உட்காரலாம், திரும்பலாம்; ஜன்னலுக்கு எட்டாது. ஆவடியில் வண்டி நின்றால் தலையை நீட்டிக்கொண்டு வரும் கண்டக்டரைப் பார்க்க ஜனம் கூடும். எனக்கு அது பிடிக்கும். மூன்றாவது முறை வேப்பம்பட்டு கிளம்புவதற்கு முன் சவர பிளேடால் உன் நாடாவை அறுத்தேன். நாலு விரல் நீளம் தூளியில் தங்கியது. கொக்கியோடு இருந்த மிச்சத்தை டூல்ஸ் பெட்டியில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பட்டாபிராம் தாண்டியதும் ஒரு எருமை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். கண்டக்டர் முன்சீட்டைத் தாண்டிப் பறந்து, டேஷ்போர்டில் மோதி, சரோஜாவின் மடியில் விழுந்தது. குரைக்கவில்லை. அதன் முன்னங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

"பெல்ட்டு மாட்டுனியா இல்லியா?" என்று கத்தினாள்.

"மாட்டுனேன். அறுந்துபோச்சு."

அவ்வளவுதான் காதர். வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப அள்ள எனக்குத் தெரியவில்லை. மகளிடம் அதையே சொன்னேன். மாட்டு டாக்டரிடமும் அதையே சொன்னேன். ஸ்டாண்டில் யாரும் கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன்.

கேள்விப்பட்டு நீ அம்பத்தூருக்கு சைக்கிளில் வந்தாய். "நாயி எப்டி கீது?" என்பதுதான் உன் முதல் கேள்வி. பிறகு கார் கதவைத் திறந்து, தூளியில் தொங்கிய நாலு விரல் துண்டைக் கட்டைவிரலால் தடவினாய். அறுந்த நாடா தாடிபோல் பிரிந்து நிற்கும். இது நேர்க்கோடாக இருந்தது. என்னை ஒரு முறை பார்த்தாய். என் மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"நூலு பத்தல அண்ணாத்தே. என் தப்புதான். குடு, வேற தச்சித் தரேன்" என்றாய்.

நாலு நாள் கழித்துப் புது நாடாவோடு தூளி வந்தது. அந்தப் பழைய துண்டைப் பிரித்து எடுத்திருந்தாய். எனக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியை நீயே எடுத்துவிட்டாயே, ஏன்?

ஸ்டாண்டில் அதற்குப் பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்கும். "இன்னா பாய், நாயிக்கு தச்சதே நிக்கல, எங்க வண்டிக்கு இன்னாத்த தைக்கப் போற?" என்று ஒருவன் கேட்டான். "பாய் தச்ச சீட்டுன்னா ஒரு தபா இஸ்துப் பாத்துட்டு குந்து மாமே" என்றான் இன்னொருவன். நீ சிரித்தாய். கையில் டீ கிளாசோடு நானும் சிரித்தேன். அந்த வருஷம் முழுக்க ஸ்டாண்டு வண்டி ஒன்றுகூட உன் கடைக்கு வரவில்லை.

உன்மேல் எனக்கு இன்னும் ஒரு கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே நாலு பேர் நடுவில் என் சட்டையைப் பிடித்திருக்க வேண்டாமா? பிடித்திருந்தால் நான் கத்தியிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு சரியாகியிருக்கும். நீ விட்டுக்கொடுத்தாய். அதைப் பதினோரு வருஷமாக நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

கண்டக்டர் ஏழு வருஷம் மூன்று காலில் ஓடியது உனக்குத் தெரியும். இப்போது மகள் வீட்டில் அதன் குட்டி இருக்கிறது. மகள் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும் முன் அதைச் சீவிவிட்டு, தூளி கட்டி, நெஞ்சில் கொக்கி மாட்டி, நாடாவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். "காதர் மாமா பேய் புட்சிகீது உனுக்கு" என்கிறாள் மகள். அவளுக்கு உண்மை தெரியாது.

துக்கம் கேட்க உன் வீட்டுக்கு வந்த அன்று உன் மூத்த மகன் சலீம் ஒரு டப்பாவைத் திறந்தான். பாபின், சாக்குக்கட்டி, அவற்றுக்கு நடுவில் நாலு விரல் நீளத்தில் ஒரு நாடாத் துண்டு.

"மிஷின் ட்ராவுல இருந்துச்சு பெரிப்பா. அத்தா இத்த எறியவே வுடமாட்டாரு. கேட்டா சிரிப்பாரு. இன்னாது இது, உனுக்குத் தெரியுமா?"

நேர்க்கோடு அப்படியே இருந்தது காதர். என் பிளேடு.

"தெர்லப்பா" என்றேன்.

உன் வீட்டில், நீ போன மூன்றாம் நாளும், அதே பொய்.

என் மீதித் துண்டு டூல்ஸ் பெட்டியில்தான் இருக்கிறது, கொக்கி துருப்பிடித்து. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சலீமை அந்தத் துண்டோடு ஸ்டாண்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன். சரோஜாவையும் மகளையும் நானே அழைத்து வருவேன். டீக்கடை மேசையில் உன் துண்டையும் என் துண்டையும் முனையோடு முனை வைப்பேன். அன்று சிரித்தவர்களில் மூன்று பேர் இன்னும் அங்கே வண்டி போடுகிறார்கள். அவர்கள் குனிந்து பார்க்கும்வரை என் கையை எடுக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நாடாவை அறுத்தவன்,
உன் அண்ணாத்தே
கோவிந்தன்