ஜன்னலில் ஒட்டிய முதுகு

அப்பா,

நீங்கள் படுத்து இன்றோடு மூன்று நாள். குக்கரில் சோறு இருக்கிறது, அடுப்பில் முள்ளங்கிச் சூப். கோஸ் ஊறுகாய், கிம்ச்சி போட அத்தை மதியம் வருவார். கோஸ் அத்தனையையும் நேற்றே உப்பில் புரட்டிவிட்டேன். அது ஊறும் தொட்டியைத் தூக்காதீர்கள்.

தபாலில் வந்த ஸ்கேன் படத்தை ஜன்னலில் ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம், "பாத்தியா, என் டிஸ்க் வெடிச்சிருச்சு" என்கிறீர்கள். டிஸ்க் வெடிக்காது. எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தையின் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தும். வலி காலில் இறங்கும். உங்களுக்குக் கால் வலித்ததே இல்லை.

டாக்டர் சுளுக்கு என்றதை நீங்கள் நம்பவில்லை. தபால் உறைமேல் 'பியோ' என்று நம் குடும்பப் பெயரைக் கண்டதும் டிஸ்க் என்று நம்பிவிட்டீர்கள்.

நேற்று தொட்டியருகே நான் நிமிர முடியாமல் நின்றபோது, "சின்னப் புள்ளைக்கு ஏதுடி இடுப்பு?" என்று சிரித்தீர்கள். அதனால்தான் ராத்திரி பேசவில்லை.

யுன்சல்

பி.கு. தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயின் சூட்டைக் கூட்டியிருக்கிறேன். சுளுக்குக்கு நல்லது.

இன்னொன்று. நான் இன்று வழக்கம்போல ஆய்வகத்துக்கு வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் சேரப் போகிறேன், நாளை ஆபரேஷன். கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தின் மூலையைப் பாருங்கள். 'பியோ'வுக்குப் பிறகு இருப்பது என் பெயர். அது என் முதுகு, அப்பா.