தண்ணீரைக் குறைக்காதே

காஞ்சிபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சுகாசினிக்கு,

நீ வயிற்றில் இருந்தபோது தும்மினால் எனக்கும் சிறுநீர் கசிந்ததா என்று கேட்டாய். தெரியவில்லை அம்மா. எவ்வளவு யோசித்தும் நினைவில்லை, மறந்துவிட்டேனா, மறக்க விரும்பினேனா என்றும் தெரியவில்லை. இங்கே நானும் அப்பாவும் சுகம், புனேயில் நீயும் மாப்பிள்ளை குருவும் உள்ளே உதைப்பவரும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் மாமியார் காதில் விழும் என்கிறாய், அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம்.

கசிவதைவிட, ஆபீஸில் உடை நனையுமே என்று நீ தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. செடி தண்ணீரை எப்படி மேலே ஏற்றுகிறது என்று இருபது வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், இதைப் பற்றி எனக்கு ஒரு வரி தெரியாது. எதிர்வீட்டுக் காந்தாவைக் கேட்டேன், இரண்டு பிள்ளைக்கும் ஏழு மாதம்வரை தறியில் உட்கார்ந்தவள். முதலில் சிரித்தாள், பிறகு கணவர் கோதண்டபாணியைப் பால் வாங்க அனுப்பிவிட்டுச் சொன்னாள்: "தறிக்குழியில கால விட்டு உக்காந்துட்டா எழுந்துக்கறது கஷ்டம் டீச்சர். அதுக்காவ தண்ணியே குடிக்காம நெய்துக்கினு இருந்தேன். நீர்க்கடுப்பு, குளிர்ஜுரம்னு ஆஸ்பத்திரில போட்டாங்க. அங்கயும் இருமினா போயிக்கினுதான் இருந்துச்சு."

அங்கே நர்ஸ் சொன்னபடி, சிறுநீரை அடக்குவது போலக் கீழ்த்தசையை இறுக்கி, தறியில் நாடா ஐந்து முறை குறுக்கே ஓடும்வரை பிடித்திருந்து, பிறகு தளர்த்துவாளாம் காந்தா. பிரசவத்துக்கு அப்புறம் கசிவு நின்றது என்றாள். பயிற்சியாலா, தானாகவா என்று கேட்டேன், முறைத்தாள். ஒருத்தி சொன்னது போதாது, நாளை டாக்டரையும் கேட்டுவிட்டு இதை அனுப்புகிறேன். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போ, அவரிடம் வெட்கப்படாதே.

நல்லபடியாகப் பெற்றெடுத்து, பிள்ளையோடு இங்கே வந்து சேர். தண்ணீர் பாட்டிலை ஆபீஸ் மேஜையில் கண்ணெதிரே வைத்துக்கொள்.

ஆசிகளுடன்,
அம்மா

புதன், மாலை: தண்ணீரைக் குறைக்கவே கூடாது, பயிற்சி நல்லது, சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். நான் எழுந்தபோது, "உங்களுக்கு அந்தத் தொந்தரவு இருக்குதாம்மா?" என்றார். வழக்கம்போல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு கிளினிக் மாடியிலிருந்து இறங்கினேன். பக்கத்துக் கடையில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்கள். தும்மினேன், நனைந்தது. திரும்பப் படியேறி, என் பெயரில் ஒரு டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன்.