ஆஸ்டின் காரின் பழைய ஒட்டு

786

தென்காசி
18-1-1946, வெள்ளி

அன்பு மகன் மசூதுக்கு, உன் வாப்பா பீர் மைதீன் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவன் காவலில் நானும் உன் உம்மாவும் தங்கச்சி ஷரீபுன்னிசாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். பினாங்கிலிருந்து நீ போட்ட கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து நாலு வருசமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே உன் உம்மா அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரையும் பிரிக்க விடாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீ மரவள்ளிக்கிழங்கு தின்று நாளை ஓட்டியதையெல்லாம் ஷரீபுன்னிசா வாசிக்க வாசிக்க உன் உம்மா அழுதாள். நானும் அழுதேன், பெற்ற பிள்ளைக்கு எழுதுவதில் என்ன வெட்கம். கடைசியில் கேட்டிருந்தாயே, வாப்பாவுக்குக் கோபம் ஆறிவிட்டதா, ஆறியிருந்தால் கப்பல் ஏறுகிறேன், இல்லையென்றால் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று. இதற்கு ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஆஸ்டின் காரின் கதையை முழுதாகச் சொல்லாமல் எழுதினால் அது பொய்ப் பதிலாகிவிடும்.

அந்தக் காரை 1925இல் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருந்த துரை சீமையிலிருந்து வரவழைத்தார். பச்சை வர்ணம், கித்தான் கூரையை மடித்துவிட்டால் நாலு பக்கமும் காற்று, நான்தான் டிரைவர். துரை சொந்த ஊருக்குத் திரும்பியபோது இலத்தூர் பண்ணையார் முத்துராமலிங்கம் வாங்கி, மகள் கல்யாண ஊர்வலத்துக்காக மஞ்சள் அடித்தார். கல்யாணம் முடிந்ததும் வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் நிறுத்தியவர் பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, பின்சீட்டில் கோழி அடைகாத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கோலத்தில்தான் 1936இல் நம் கைக்கு வந்தது. நீயும் நானும் ஒரு வருசம் மெனக்கெட்டு ஓட வைத்து, கறுப்பு அடித்து, சாரலுக்கு வருகிற ஆட்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிப்போக விட்டோம். நீ முடுக்கிய ஒரு நட்டுகூட இன்றுவரை ஆடவில்லை, இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு 1938 ஆடி மாதம். செங்கோட்டை ஸ்டேஷனில் இறங்கிய ஏழு பேரை நீ ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு வந்தாய், அருவிக்குக் கிட்டே ரேடியேட்டர் கொதித்தது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை, அருவித் தண்ணீரை மண்ணெண்ணெய் டின்னில் பிடித்து அப்படியே ஊற்றிவிட்டாய். எஞ்சினில் டப்பென்று ஒரு சத்தம், தண்ணீர் ரோட்டில் ஓடியது. நான் ஓடிவந்து, டிரைவர்மார் அத்தனை பேர் முன்னாலும், "உன் கை பட்டா இரும்பே வெடிக்கும்லே, இனி ஸ்பேனரத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்று ஏசினேன். நீ காலி டின்னைக் கீழே வைத்துவிட்டு நடந்தாய். எட்டாம் நாள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டாய்.

மகனே, நீ ஊற்றிய தண்ணீரில் புது இடம் எதுவும் வெடிக்கவில்லை. 1927இல் துரை மதராசுக்குப் போயிருந்த நேரம், அவருக்குத் தெரியாமல் வண்டியை எடுத்து உன் உம்மாவை ஏற்றிக்கொண்டு அருவிக்குப் போனேன். கார் ஓட்டுகிற மிதப்பு எனக்கு. கொதித்த எஞ்சினில் நானும் அதே தண்ணீரைத்தான் ஊற்றினேன், நூல்போல ஒரு விரிசல் விட்டது. அவள் குளிக்கப் போயிருந்ததால் பார்க்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் இரும்புத்தூளும் நவச்சாரமும் கந்தகமும் குழைத்து அப்பி, மேலே கறுப்பு பூசி மறைத்துவிட்டேன். துரைக்கும் தெரியாது, பண்ணையாருக்கும் தெரியாது. பதினோரு வருசம் தாங்கிய அந்த ஒட்டுதான் அன்றைக்குப் பிளந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் உன்னை ஏசினேன். வேறு யாரும் குனிந்து பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

யுத்தத்தில் பெட்ரோல் கூப்பனுக்கு வந்துவிட்டது, மற்றவர்கள் வண்டிக்குப் பின்னால் கரிவாயு அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். நமது வண்டி செங்கல் மேல் நின்றது. உன் நினைப்பு தாங்காத நாட்களில் ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்தேன், கறுப்பைச் சுரண்டினால் மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே பச்சை. எஞ்சினை மதுரைக்குக் கொண்டுபோய், கரி நெருப்பில் சூடேற்றி முறையாக ஒட்டி, இரண்டு நாள் சாம்பலுக்குள் வைத்து ஆறவிட்டோம். போன மாதம் கைப்பிடியின் முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டது. ஆனாலும் எனக்குச் சந்தோசம் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே உன் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க தப்ப மறைக்க எம் பிள்ளையக் கடல் தாண்ட விட்டியளா?" என்று கேட்டாள். மூன்று நாளாகச் சோறு வைக்கிறாள், பேச்சு இல்லை. குழம்பில் உப்பும் இல்லை, கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

நாலு பேர் முன்னால் ஏசியதை நாலு பேர் முன்னால்தானே எடுக்க வேண்டும். இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் குற்றாலம் கார் நிறுத்தத்துக்குப் போய், அன்றைக்கு நின்றவர்களில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு, வெடித்தது என் ஒட்டு, மசூது மேல் குற்றமில்லை என்று சொன்னேன். டிரைவர் செல்லச்சாமி என் பக்கத்தில் வந்தான். பிறகு சொன்னான், "அண்ணாச்சி, பழைய ஒட்டு பிளந்துருக்குன்னு அன்னைக்கே நான் குனிஞ்சு பாத்தேன். சொல்ல வாயெடுத்தேன், மசூதுதான் என் கையப் பிடிச்சிட்டான். இது வாப்பா கைவேல, சொன்னா அவுக மானம் போயிரும், நான் உடைச்சதாவே இருக்கட்டும்னுட்டான்."

அந்தப் பசை குழைக்க உனக்குச் சொல்லித்தந்தவன் நானல்லவா, பார்த்ததும் தெரியாமல் இருக்குமா. நான் அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் தெரிந்தும் ஏச்சை வாங்கிக்கொண்டு போய், அவ்வளவு கஷ்டத்திலும் யாரிடமும் சொல்லாமல் இருந்து, இப்போதும் வாப்பாவுக்குக் கோபம் ஆறிவிட்டதா என்று என்னிடமே கேட்டு எழுதியிருக்கிறாயே மகனே. கோபப்பட வேண்டியவன் நீ. உன்னிடம் மாப்புக் கேட்கிறேன். அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, கிடைக்கிற முதல் கப்பலில் ஏறிவிடு. என்னை ஏச வேண்டுமென்றாலும் இங்கே வந்து ஏசு, கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

கப்பலில் மேல்தட்டில் ஈரக்காற்றில் படுக்காதே, வெந்நீரே குடி. டிக்கெட் கிடைத்ததும் தந்தி அடிக்க மறவாதே, நாகப்பட்டினத்துக்கு நானே வருவேன். நூறு வயசுக்கு உன் ஹயாத்து நீண்டு, ஆண்டவன் அளக்கிற ரிஜ்கு பெருகி, நீ நல்லபடியாகக் கரைசேர ரப்பிடம் இரு கையும் ஏந்துகிறேன்.

உன்னை எதிர்பார்த்திருக்கும் வாப்பா,
பீர் மைதீன்