ஞாயிற்றுக்கிழமைக் கவர்

தேஹு ரோடு, புனே
23-9-1997

அன்புள்ள அகல்யாவுக்கு,

லீவு முடிந்து நீ போனதிலிருந்து கடிதம் இல்லை. மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் எழுதியவள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தபால்காரர் கேட்டிலிருந்தே "லண்டன்வாலி சிட்டி!" என்று, லண்டன் கடிதம் வந்திருப்பதாகக் கத்துவார். உன் பள்ளி லண்டனில் இல்லை, டார்செட்டில் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

நானூறு வருடப் பள்ளி, அதில் உனக்குக் கிடைத்த ஸ்காலர்ஷிப், நிறுவனர் தினம், பெரிய வகுப்புப் பெண்கள் மட்டுமே மிதிக்கலாம் என்ற புல்வெளி, எல்லாவற்றையும் அப்பா தன் ராணுவ டெப்போ முழுக்கச் சொல்லியாயிற்று. வரலாறு நடத்துகிற எனக்கு அந்தப் பெருமையெல்லாம் ஏறவில்லை. ஞாயிறானால் நீ எங்களை நினைத்து உட்கார்ந்து எழுதுகிறாய். எனக்கு அது போதும்.

அம்மா

டார்செட்
3-10-1997

அன்புள்ள அம்மா,

நலம். நானும் இப்போது பெரிய வகுப்பு. புல்லை மிதித்துவிட்டேன், வெறும் ஈரம்தான்.

ஞாயிறு கடிதம் இனிக் கிடையாது! உனக்குச் சொன்னதில்லையா? சர்ச் முடிந்ததும் சின்ன வகுப்புகள் எல்லாம் ஹாலில் உட்கார்ந்து வீட்டுக்கு எழுத வேண்டும். ஒட்டிய கவரை விடுதி மேட்ரனிடம் காட்டினால்தான் சாப்பாடு. நிறுவனர் காலத்து வழக்கமாம். என் வகுப்பு ஹாரியட் ஒருதரம் வெறும் தாளை வைத்து ஒட்டிவிட்டாள். எங்களுக்கு இனி அந்தத் தொல்லை இல்லை, நன்றாகத் தூங்குகிறேன். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

அகல்யா

தேஹு ரோடு
4-11-1997

அன்புள்ள அகல்யாவுக்கு,

தீபாவளி வந்து போயிற்று. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

கவர் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். "அட, சோத்துக்கு டிக்கெட்டா! இருக்கட்டும்டி, பசிக்கும்போது நம்மளத்தானே நெனச்சா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று தபால்காரர் மின்சார பில்லை நீட்டி, "லண்டன் பந்த் ஹை க்யா, மேடம்?" என்று கடிதம் நின்றுபோனதைக் கேட்டார். உனக்குப் பரீட்சை என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

இதைப் படித்துவிட்டு இரக்கப்பட்டு எழுதாதே. தோன்றினால் எழுது. தோன்றாவிட்டால் அதையும் நான் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அம்மா

டார்செட்
16-11-1997, ஞாயிறு

அம்மா,

சின்னப் பெண்களோடு ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். "உனக்கு என்ன தண்டனை?" என்று மேட்ரன் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ரூமில் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. யாரும் எழுதச் சொல்லாதபோது உன்னிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மழை, ஹாக்கி, நலம் என்று எழுதினால் கவர் நிறைந்துவிடும், சாப்பாடும் கிடைத்துவிடும். முதல் வருடம் ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்பா டெப்போவில் சொல்லிவைத்திருக்கிறாரே என்று ஹாக்கியை எழுதினேன். இப்போது அவ்வளவு ஏக்கம் இல்லை அம்மா. அதுதான் பயமாக இருக்கிறது. உன் குரல்கூட யோசித்தால்தான் வருகிறது.

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் கவரைக் காட்டிவிட்டு ஓடுகிறார்கள். மேட்ரன் கதவருகில் நின்று என்னைப் பார்க்கிறார். சாப்பாடு போனால் போகட்டும். உன்னிடம் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. இங்கே வந்த முதல் நாள் ராத்திரியிலிருந்து சொல்கிறேன்.